கண் எழுதுதல்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளை முன்வைத்து மை எழுதும் கலையின் வரலாறு

முன்னுரை

தமிழர்தம் ஒப்பனை மரபுகளுள் கண்ணுக்கு மை எழுதுதல் மிகத் தொன்மையானது. சங்க இலக்கியம் தொட்டு இக்காலம் வரை இடையறாது வரும் வழக்கம் இது. எனினும் அணிகலன், ஆடை, கூந்தல் ஒப்பனை ஆகியன பற்றி நிகழ்ந்த அளவுக்கு மை எழுதும் கலை பற்றி ஆய்வு நிகழவில்லை. அவ்வாறு நிகழ்ந்தனவும் மையின் அழகையே பெரிதும் எடுத்துரைத்தன. அதனைக் கலையாமலும் இமையில் வழியாமலும் எழுதுவதற்கு வேண்டிய கைத்திறன் கவனம் பெறவில்லை. இத்திறன் பெண்களின் அன்றாடக் கைவினையாக இருந்தது. ஆதலின் அதனை யாரும் நூலாக எழுதி வைக்கவில்லை. தாய் மகளுக்குக் கைபிடித்துக் கற்பித்ததோடு அது நின்றது.

எழுதி வைக்கப்படாத இக்கைவினையின் வரலாற்றை அறிதற்கு ஒரு சொல் துணைசெய்கிறது. ‘எழுதுதல்’ என்பதே அச்சொல். பழந்தமிழர் கண்ணுக்கு மையை எழுதினர். இக்காலத் தமிழர் பெரும்பாலும் மையை இடுகின்றனர், போடுகின்றனர். பழைய வினைச்சொல்லோ மலையாள மொழியில் இன்றும் உயிர்ப்புடன் வழங்குகிறது. இவ்விரு மொழிகளும் அன்றாடம் கலந்துறவாடும் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளை முன்வைத்து, கண் எழுதும் கலையின் வரலாற்றையும் அக்கலை குறித்த சொல்லின் வரலாற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

எழுத்து என்னும் சொல்லின் பழம்பொருள்

‘எழுத்து’ என்றவுடன் இன்று நினைவுக்கு வருவது வரிவடிவமே. பழந்தமிழில் அச்சொல் ஓவியத்தையும் உள்ளடக்கியது. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் திருப்பரங்குன்றத்தில் ஓவியங்கள் தீட்டப்பெற்றிருந்த மண்டபத்தை எழுத்து என்னும் சொல்லாலேயே குறிக்கின்றது. மகளிர் மார்பிலும் தோளிலும் குழம்பினால் கோலம் வரைதலைத் தொய்யில் எழுதுதல் என்றனர். கண்ணுக்கு மை தீட்டுதலும் எழுதுதலே ஆயிற்று. திருக்குறளின் காதற்சிறப்புரைத்தல் அதிகாரத்திலுள்ள 1127ஆம் குறளும், புணர்ச்சி விதும்பல் அதிகாரத்திலுள்ள 1285ஆம் குறளும் மை எழுதுதலை இவ்வினையாலேயே சுட்டுகின்றன. இவ்விரு குறள்களிலும் மை என்ற சொல்லே இடம்பெறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. கண்ணை எழுதுதல் என்ற அளவிலேயே பொருள் விளங்குமளவுக்கு அத்தொடர் அக்காலத்தில் நிலைபெற்றிருந்தது என அறியலாம்.

இவ்விடத்து ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. சிலப்பதிகாரம் இந்திரவிழவூரெடுத்த காதையில் ‘கண்ணெழுத்து’ என்னும் தொடர் வருகின்றது. அது புகார்ப் பண்டசாலையில் இருந்த சரக்குப் பொதிகளின்மேல் இட்ட அடையாளக் குறியைச் சுட்டுவது. மை எழுதுதலோடு அதற்குத் தொடர்பில்லை. ஆயினும் இரண்டு வழக்குகளுக்கும் அடிப்படை ஒன்றே. ஒரு பரப்பின்மேல் திட்டமான எல்லையுடைய கோட்டை இடுவதே எழுதுதல். பூசுதலுக்கு எல்லை இல்லை, எழுதுதலுக்கு உண்டு. சந்தனத்தை உடலிற் பூசலாம். கண்ணில் மையைப் பூச இயலாது. பூசினால் அது இமையெங்கும் பரவி முகத்தைக் கெடுக்கும். எனவே மை கலையாதிருக்க வேண்டும் என்ற தொழில்நுட்ப விதி அந்த வினைச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது எனலாம்.

ஆண்டாள் அருளிய திருப்பாவையின் இரண்டாம் பாசுரம் இவ்வகையில் முதன்மையான சான்றாகும். பாவை நோன்பு காலத்தில் விலக்குவனவற்றைக் கூறுமிடத்து, மையைக் குறிக்க இடுதல், எழுதுதல் ஆகிய இரண்டு வினைகளையும் ஆண்டாள் ஒருசேர ஆள்கிறாள். மையைக் கண்ணிற் சேர்த்தல் ஒரு செயல். சேர்த்ததைக் கோடாக்குதல் மற்றொரு செயல் என இதனைப் பகுத்துப் பொருள் கொள்ளலாம். பிற்காலத் தமிழ்ப் பேச்சு வழக்கில் முதற்செயலின் வினை நின்றது. இரண்டாவது மறைந்தது.

கோலும் கண்ணும்

மை எழுதும் கருவி கோல். செம்பினால் ஆகிய மைக்கோல்கள் அரப்பாவிலும் தமிழக அகழாய்வுகளிலும் கிடைத்துள்ளன. இருபுறமும் மழுங்கலாக முடியும் மெல்லிய கம்பி வடிவின அவை. கூர்மையின்றி நுனி உருண்டிருத்தல் கண்ணுக்குப் பாதுகாப்பு. உலோகம் வழவழப்பாக இருத்தலால் மை திட்டாகப் படியாமல் சீராக இறங்கும். ஆங்கிலத்தில் கண்மையைக் குறிக்கும் சொல் அரபு மொழியின் ‘குஹ்ல்’ என்பதிலிருந்து வந்தது. தமிழ்க் கோலுக்கும் அதற்கும் உள்ள ஒலி ஒப்புமை தற்செயலானது. இவ்வொப்புமையைக் கொண்டு சொற்பிறப்புக் கூறுதல் பொருந்தாது.

இக்கோலை ஆளும் முறையைத் திருவள்ளுவர் நுட்பமாக அறிந்திருந்தார். 1285ஆம் குறளில் தலைவி ஓர் உவமை கூறுகிறாள். தலைவன் அருகில் இல்லாதபோது அவன் குற்றங்கள் தோன்றுகின்றன. அவனைக் கண்டவுடன் அவை தோன்றவில்லை. மை எழுதும்போது கண் தன்னை எழுதும் கோலைக் காண இயலாதது போன்றது இது என்கிறாள். உரையாசிரியர்கள் இதனைக் காதலின் இயல்புக்கு உவமையாக விளக்கினர். கைவினை வரலாற்று நோக்கில் இது மற்றொரு செய்தியையும் தருகிறது. கோல் கண்ணை நெருங்கிய நிலையில் பார்வைக்கு அகப்படாது. எழுதுபவள் கையின் தொடுவுணர்வைக் கொண்டே கோட்டைச் செலுத்த வேண்டும். கோலைக் கீழிமையின் உள்விளிம்பில் வைத்து, இமைகளை மெல்ல மூடி, மூக்கோரத்திலிருந்து கடைக்கண் நோக்கி ஒரே இழுப்பாக இழுத்தல் மரபுவழி முறை. இமைகளே கோலுக்குக் கரையாக அமைகின்றன. கை நடுங்கினாலும் கோடு கரை தாண்டாது. மிகுந்த மை இமையின் வெளிவிளிம்பில் ஒதுங்கும். அதனைத் துணி முனையால் ஒற்றி எடுப்பர். தேய்த்துத் துடைப்பதில்லை. தேய்த்தால் மை பரவும்.

பழைய இலக்கியங்களில் பயிலும் ‘உண்கண்’ என்ற தொடர் இதனோடு இணைத்து நோக்கத்தக்கது. மையுண்ட கண் என்பது உரையாசிரியர் கொள்ளும் பொருள். கண் மையை உண்டது என்னும்போது மை கண்ணின் மேலே படிந்த பொருளாகக் கருதப்படவில்லை. உள்ளே சென்று ஒன்றிய பொருளாகக் கருதப்படுகிறது. இமைமயிரின் அடியிலும் விளிம்பிலும் ஏறிய மையே நிலைக்கும். மேலே தங்கிய மை கலையும். எழுதுதல் என்ற வினை எழுதுபவளின் செயலைக் கூறுகிறது. உண்ணுதல் என்ற வினை எழுதப்பட்ட கண்ணின் செயலைக் கூறுகிறது. இரண்டும் சேர்ந்தே கலையாத மைக்கு இலக்கணம் ஆகின்றன.

கலைதலும் துறத்தலும்

கண்மை பற்றிய இலக்கியக் குறிப்புகளைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். மை எழுதிய மகிழ்ச்சியைவிட, மை கலைந்த நிலையையும் மையைத் துறந்த நிலையையுமே புலவர்கள் ஆழ்ந்து கருதினர். கண்விதுப்பழிதல் அதிகாரத்தில் அழுதழுது நீர் வற்றிய கண்ணையும் உண்கண் என்றே தலைவி கூறுகிறாள் (1174). 1127ஆம் குறளில் தலைவி மை எழுதவே மறுக்கிறாள். காதலர் கண்ணுக்குள் இருக்கிறார். எழுதும் பொழுதில் அவர் மறைந்துவிடுவார் என்பது அவள் கூறும் காரணம். கோல் நெருங்கும்போது இமை மூடும் என்ற தொழில்நுட்ப உண்மையின் மீது எழுந்த கற்பனை இது. மேற்குறித்த மரபுவழி முறையை அறியாதார்க்கு இக்குறளின் நயம் முழுமையாக விளங்காது.

சிலப்பதிகாரத்தில் இத்துறத்தல் உச்சநிலை அடைகிறது. அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில், கோவலனைப் பிரிந்த கண்ணகி கைவிட்ட ஒப்பனைகளை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக அடுக்குகிறார். அவற்றுள் கண்ணுக்கு இடும் அஞ்சனமும் ஒன்று. தமிழ்க் காப்பிய மரபில் மை எழுதாத கண்ணுக்கு மறுபெயராகவே கண்ணகி நிற்கிறாள் எனலாம்.

அக்கண்ணகிக்குரிய கோட்டமாகப் போற்றப்படும் மங்கலதேவி கோயில் இடுக்கி மாவட்டத்திற்கும் தேனி மாவட்டத்திற்கும் இடைப்பட்ட மலைமுகட்டில், பெரியாறு புலிகள் காப்பகப் பகுதியில் அமைந்துள்ளது. கற்றளியின் சிதைவுகளே இன்று எஞ்சியுள்ளன. 1960களில் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் மேற்கொண்ட கள ஆய்வு, சிலம்பு கூறும் கண்ணகி கோட்டம் இதுவே என்ற கருத்தைத் தமிழ் ஆய்வுலகில் பரப்பியது. ஆண்டுக்கொரு முறை சித்திரைப் பௌர்ணமி நாளில் மட்டும் வழிபாட்டுக்குத் திறக்கப்படும் இக்கோயிலுக்குக் குமுளி வழியாகவும் பளியன்குடி மலைப்பாதை வழியாகவும் இரு மாநில மக்களும் செல்கின்றனர். எல்லை குறித்த வழக்கு நெடுநாளையது. வழிபாட்டில் மட்டும் அவ்வெல்லை அன்று ஒருநாள் மறைகிறது.

இதற்கு இணையாக நோக்கத்தக்க மற்றொரு முரண் மார்கழித் திங்களில் உண்டு. தமிழ்ப் பாவை நோன்பு மார்கழியில் மையைத் துறக்கச் சொல்கிறது. கேரளத்தில் அதே காலத்தில் தனு மாதத் திருவாதிரை நாளில் மகளிர் வைகறை நீராடி, கண்ணெழுதி, பொட்டுத் தொட்டு, தசபுஷ்பம் எனப்படும் பத்துவகைப் பூண்டுகளைக் கூந்தலிற் சூடுகின்றனர். ஒரே திங்களில் ஒரு மரபு கண்ணை எழுதாது விடுகிறது. மற்றொரு மரபு எழுதுகிறது. துறத்தலும் எழுதுதலும் எதிரெதிரானவை எனினும், கண் எழுதுதல் மங்கலத்தின் குறி என்ற அடிப்படைக் கருத்து இரண்டிற்கும் பொதுவானது. மதிப்பில்லாத ஒன்றை யாரும் நோன்புக்காகத் துறப்பதில்லை.

எல்லைப் பகுதியின் மொழிச்சூழல்

பாலக்காடு 1956 நவம்பர் 1ஆம் நாள் கேரள மாநிலம் அமையும் வரை சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியாகிய பாலக்காட்டுக் கணவாய் கொங்கு நாட்டையும் சேர நாட்டுக் கடற்கரையையும் தொன்றுதொட்டு இணைத்து வந்தது. கல்பாத்தி முதலிய அக்கிரகாரங்களிலும் சித்தூர் வட்டத்து எல்லையூர்களிலும் தமிழ் பேசுவோர் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். பத்திரகாளி கோயில்களின் கூத்துமாடங்களில் நிகழும் தோல்பாவைக்கூத்து கம்பராமாயணச் செய்யுட்களைத் தமிழிலேயே பாடி, விளக்கத்தை மலையாளம் கலந்து கூறுகிறது. மலையாள மொழியின் தந்தையெனப் போற்றப்பெறும் துஞ்சத்து எழுத்தச்சன் தம் இறுதிக்காலத்தைச் சித்தூரில் கழித்தார் என்பது மரபுச்செய்தி.

1972 ஜனவரி 26இல் உருவான இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்கள் தமிழ் மக்கள் செறிந்து வாழ்வன. மறையூர், காந்தளூர், வட்டவடை முதலிய ஊர்களில் பழங்குடிகளும் சமவெளியிலிருந்து நெடுங்காலத்திற்கு முன் குடியேறிய வேளாண் மக்களும் உள்ளனர். மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் தென் தமிழக மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் வந்தன.

இப்பகுதிகளின் தமிழைப் பற்றிப் பேசுவோர் ‘மலையாளம் கலந்த தமிழ்’ என்ற ஒற்றைத் தொடரில் அதனை அடக்கிவிடுவது வழக்கம். கேலிக்குரியதாகக் கருதுவோரும் உளர். இக்கணிப்பு எத்துணைப் பிழையானது என்பதற்குக் கண் எழுதுதல் நல்ல சான்று. மலையாளத்தில் ‘கண்ணெழுதுக’, ‘மையெழுதுக’ என்பன இன்றைய வழக்குகள். பெண் ஒப்பனையைக் குறிக்கக் ‘கண்ணெழுதிப் பொட்டுதொட்டு’ என்ற இணைத்தொடர் எல்லோர் நாவிலும் வழங்குகிறது. குழந்தை பிறந்த இருபத்தெட்டாம் நாள் சடங்கிலும் கண்ணெழுதுதல் உண்டு. கண்மையைக் குறிக்கும் ‘கண்மஷி’ என்பதன் பிற்பகுதி வடசொல்வழி வந்தது. ஆனால் வினை பழந்தமிழ் வினை. எல்லையூர்த் தமிழர் ஒருவர் கண்ணெழுதுதல் என்று கூறினால் அதனை மலையாளக் கடன் என்று குறித்துவிடும் கள ஆய்வாளர், குறள் ஆண்ட தமிழ்ச்சொல்லைத் தமிழிலிருந்து தாமே வெளியேற்றுகிறார். எல்லை வழக்குகளைத் தொகுப்போர், ஒரு சொல் அண்டை மொழியில் உள்ளது என்ற அளவில் அதனைக் கடன்சொல் எனக் கொள்ளாமல், பழைய இலக்கியத்தோடு ஒப்பிட்ட பின்னரே முடிவு கூறுதல் வேண்டும்.

மலையாளத்தில் எழுத்தின் பழம்பொருள் கண்ணோடு நிற்கவில்லை. தெய்யத்தின் முக ஒப்பனை ‘முகத்தெழுத்து’ எனப்படுகிறது. நிலத்தில் வண்ணப் பொடிகளால் தெய்வ உருவம் வரைதல் ‘களமெழுத்து’ எனப்படுகிறது. தமிழில் ஓவியத்தினின்றும் ஒப்பனையினின்றும் ஒதுங்கி ஏட்டுக்குள் சுருங்கிய சொல், மலைக்கு அப்பால் முழுப் பரப்போடு வாழ்கிறது.

ஏட்டுக்கும் கண்ணுக்கும் உள்ள உறவும் இங்கே எண்ணத்தக்கது. பனையோலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து தொடக்கத்தில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. விளக்குக்கரியை எண்ணெயிலோ பச்சிலைச் சாற்றிலோ குழைத்து ஓலை முழுதும் தடவித் துடைப்பர். கீறலுக்குள் புகுந்த மை நிற்கும். மேலே தங்கியது துணியோடு போகும். இமை விளிம்பில் நிகழ்வதும் இதுவே. விளிம்பின் பள்ளம் மையை உண்கிறது. மிகுதி ஒற்றி எடுக்கப்படுகிறது. ஓலை மைக்கும் கண் மைக்கும் ஒரே சொல் வழங்குவது தற்செயல் அன்று. இரண்டும் விளக்குக்கரியில் பிறந்தவை. இரண்டும் ஒரே முறையில் நிலைபெறுபவை.

மை கூட்டும் முறை

மை கலையாதிருத்தல் எழுதும் கையை மட்டும் பொறுத்ததன்று. மையின் பதத்தையும் பொறுத்தது. தமிழ்நாட்டு இல்லங்களில் வழங்கிய முறையில் தூய பருத்தித்துணியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் பலமுறை தோய்த்து நிழலில் உலர்த்தித் திரியாக்குவர். விளக்கெண்ணெயிலோ நெய்யிலோ அத்திரியை எரித்து, மேலே கவிழ்த்த செப்புத் தட்டில் கரியைப் பிடிப்பர். தட்டின் அடியில் அரைத்த சந்தனம் பூசுவதும் உண்டு. கேரளத்தில் கரிசலாங்கண்ணிக்கு மாற்றாகத் தசபுஷ்பங்களுள் ஒன்றாகிய பூவாங்குருந்தல் என்னும் பூண்டின் சாறு பெருவழக்கு. தமிழ் மருத்துவ நூல்கள் சீதேவியார் செங்கழுநீர் எனக் கூறும் செடி அது. படிந்த கரியைச் சுரண்டி, சில துளி எண்ணெயோ நெய்யோ விட்டுக் குழைத்துச் சிமிழில் சேமிப்பர்.

இதில் எண்ணெயின் தேர்வு முக்கியமானது. விளக்கெண்ணெய் மிகுந்த பிசுப்புடையது, எளிதில் ஓடாது. ஆகவே அதிற் குழைத்த மை இட்ட இடத்தில் நிற்கும். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் மெலிந்தவை. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையும். உடல் வெப்பத்தில் உருகும். பாலக்காட்டுச் சமவெளியோ கோடையில் 40 பாகையை எட்டும் நிலம். மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் குளிர்ந்த நிலம். ஒரே மை முதல் நிலத்தில் இளகி இமையில் பரவும். இரண்டாம் நிலத்தில் இறுகிக் கோலிற் பற்றாது. எனவே நிலத்துக்கேற்பக் கரியின் அளவையும் எண்ணெயின் அளவையும் கூட்டிக் குறைத்தல் தேவைப்படும். தாயின் கைப்பக்குவம் என்று கூறப்படுவது இத்தகைய அறிவே. அது அளவைகளாக எழுதப்படாமையால் அறிவியலுக்குப் புறம்பானது ஆகிவிடாது.

அரங்கில் கண்ணெழுத்து

கலையாத மையின் மிகக் கடுமையான தேர்வுக்களம் கதகளி அரங்கு. கதகளியின் கல்லுவழிச் சிட்டை பாலக்காடு மாவட்டத்து ஊரொன்றின் பெயரால் அமைந்தது. பட்டிக்காந்தொடி இராவுண்ணி மேனோனால் செம்மை பெற்ற இம்மரபு, வள்ளத்தோள் நாராயண மேனோன் முதலியோர் முயற்சியால் 1930இல் தோன்றிய கேரள கலாமண்டலத்தில் வேரூன்றியது. பாரதப்புழையின் ஒரு கரையில் செறுதுருத்தியும் மறுகரையில் பாலக்காடு மாவட்டத்துச் சொரனூரும் அமைந்துள்ளன. துள்ளற்கலையைத் தோற்றுவித்த குஞ்சன் நம்பியாரின் பிறப்பிடமாகிய கிள்ளிக்குறிச்சிமங்கலமும் பாலக்காடு மாவட்டத்ததே. முகம் பச்சையும் கண் கறுப்புமாகத் தீட்டும் ஒப்பனை துள்ளலுக்கும் உரியது.

கதகளியில் கண்ணைச் சுற்றி எழுதும் மை கடைக்கண்ணைத் தாண்டிப் பொட்டுவரை நீளும். கண்ணே பேசும் கலை அது. எண்ணெய் விளக்கின் ஒளியில் கருவிழியின் அசைவு தொலைவில் இருப்போர்க்கும் தெரிய வேண்டுமாயின், வெள்விழியைச் சூழ்ந்த கருங்கோடு தெளிவாக இருத்தல் இன்றியமையாதது. அரங்கேறும் முன் சுண்டைப் பூவின் சூற்பகுதியை உள்ளங்கையில் தேய்த்து உருட்டிக் கீழிமைக்குள் இடுவர். வெள்விழி சிவக்கும். கறுப்பு எல்லைக்குள் சிவந்த கண் உணர்ச்சியைப் பெருக்கிக் காட்டும்.

நடிகர் இரவு முழுதும் வியர்வையோடு ஆடுகிறார். எனினும் கண்ணெழுத்து பெரும்பாலும் நிலைக்கிறது. வியர்வை நீர்; மை எண்ணெயில் குழைந்தது. நீரால் எண்ணெய் மையை எளிதில் கரைக்க இயலாது. வெப்பமே அதற்குப் பகை. எனவே கரி மிகுத்து எண்ணெய் குறைத்து இறுக்கமாகக் குழைத்தலும், ஒரு வண்ணத்தின் எல்லையை மற்றொரு வண்ணம் அணைகட்டி நிற்குமாறு எழுதுதலும் அரங்கின் உத்திகள் ஆகின்றன. வீட்டில் இமை செய்த கரையின் பணியை அரங்கில் அடுத்த வண்ணம் செய்கிறது.

சிமிழிலிருந்து மஸ்காரா வரை

இருபதாம் நூற்றாண்டில் இல்லங்களில் மை கூட்டும் வழக்கம் குறைந்தது. சென்னையிலிருந்து பரவிய ஐடெக்ஸ் போன்ற கண்மைச் சிமிழ்கள் சிற்றூர்க் கடைகளையும் திருவிழாக் கடைகளையும் அடைந்தன. கோல் மறைந்து விரல்நுனி கருவியாயிற்று. விரல் தடிப்பானது, கோட்டை எழுதாது, தடவும். எழுதுதல் என்ற வினை தமிழில் மெல்ல வழக்கொழிந்ததற்கு இக்கருவி மாற்றமும் ஒரு காரணமாகலாம். பின்னர் வந்த பென்சில் வடிவ மை மீண்டும் கோட்டை மீட்டது.

இமைமயிருக்கு மட்டும் உரிய மஸ்காரா மேனாட்டு வரவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யூஜின் ரிம்மெல் விற்ற இமைமையின் புகழால் இத்தாலியம், ஸ்பானியம், போர்த்துக்கீசியம் ஆகிய மொழிகளில் அவர் பெயரே அப்பொருளுக்குப் பெயராயிற்று. 1915இல் அமெரிக்காவில் தாமஸ் லைல் வில்லியம்ஸ் தொடங்கிய மேபலின் நிறுவனம் பின்னர்ச் சவர்க்கார அடிப்படையிலான மைக்கட்டியை விற்றது. நனைத்த தூரிகையால் அதனைத் தேய்த்து இடுவர். நீரில் குழைந்த மை ஆதலின் கண்ணீர் பட்டால் வழிந்தது. 1957இல் ஹெலனா ரூபின்ஸ்டைன் நிறுவனம் வெளியிட்ட குழாய்வடிவ மஸ்காராவில் தூரிகைக்கு மாற்றாக வரிப்பள்ளங்கள் உடைய உலோகக் கோல் அமைந்திருந்தது. பள்ளங்களில் நின்ற மை இமைமயிரில் ஏறியது. இமைமையின் வரலாறும் இவ்வாறு ஒரு கட்டத்தில் உலோகக் கோலையே நாடியமை குறிப்பிடத்தக்கது. பின்னர் வந்த மெழுகும் படலப் பொருள்களும் கலந்த கலவைகள் நீரை எதிர்த்தன.

மஸ்காராவை இமையில் படாமல் இடுவதற்கு இன்று ஒப்பனைக் கலைஞர்கள் கூறும் நெறிகள் பழைய கைவினையோடு ஒத்துப்போகின்றன. இமையின் எண்ணெய்ப்பசையை முதலில் நீக்குதல்; தூரிகையிலுள்ள மிகுந்த மையைக் குழாயின் விளிம்பிலோ தாளிலோ ஒற்றி எடுத்தல்; கண்ணாடியைத் தாழ்வாக வைத்துக் கீழ்நோக்கிப் பார்த்தல்; இமைமயிரின் அடியில் தூரிகையை வைத்து இடவலமாகச் சற்றே அசைத்து நுனிநோக்கி உயர்த்துதல்; மேலிமைக்கும் மயிருக்கும் இடையே தடித்த தாளையோ கரண்டியின் வளைவையோ கரையாக வைத்தல்; ஈரம் உலரும் வரை மேல்நோக்காதிருத்தல் ஆகியன அவை. பட்டுவிட்ட மையை ஈரத்தோடு துடைத்தால் பரவும். உலர்ந்தபின் பஞ்சுக்குச்சியால் உருட்டி எடுத்தால் உதிரும். குறைவாக எடுத்தல், கரை அமைத்தல், ஒற்றி எடுத்தல் என்னும் மூன்று விதிகளும் கோல்காலத்து விதிகளே. மாறியது ஒன்று. அன்று கண் கோலைக் காணவில்லை, கை அறிந்தது. இன்று கண்ணாடியில் கண் காண்கிறது, கை பின்தொடர்கிறது.

மரபைப் போற்றுவதில் ஓர் எச்சரிக்கையும் தேவை. அஞ்சனம், சுருமா என்ற பெயர்களில் விற்கப்படும் சில கனிமப்பொடிகளில் ஈயம் இருத்தல் கூடும். இந்திய விதிகள் அழகுப்பொருள்களில் நிறத்துக்காக ஈயச் சேர்மங்களைப் பயன்படுத்துவதைத் தடைசெய்கின்றன. கைக்குழந்தையின் கண்ணுக்குள் மை எழுதுவதைக் குழந்தை மருத்துவர்கள் விலக்குகின்றனர். இருபத்தெட்டாம் நாள் சடங்கை நடத்துவோர் கண்ணை விடுத்துக் கன்னத்தில் ஒரு பொட்டோடு நிறுத்திக்கொள்வதால் மரபு குன்றிவிடாது.

முடிவுரை

கண் எழுதுதல் பற்றிய மேற்கண்ட ஆய்வால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. எழுதுதல் என்ற வினை, எல்லை தாண்டாத கோட்டை இடுதல் என்ற தொழில்நுட்பப் பொருளைத் தன்னுள் கொண்டது. 1127, 1285 ஆகிய குறள்கள் காதலைப் பாடுவதோடு, கோலால் மை எழுதும் முறைக்கும் சான்றாகின்றன. தமிழில் ஒடுங்கிய இவ்வினை மலையாளத்தில் நிலைத்திருப்பதால், பாலக்காடு, இடுக்கி எல்லைத் தமிழரின் வழக்குகளைக் கலப்பு என ஒதுக்காமல் பழந்தமிழ்ச் சான்றாக ஆராய்தல் வேண்டும். பெயர்ச்சொல் கடன்பெறப்பட்டதாக இருக்கும்போதும் அதனோடு சேர்ந்த வினை பழையதாக இருக்கக்கூடும் என்பதைச் சொல்லாய்வாளர் கருத்திற்கொள்ளுதல் நலம்.

மை கூட்டவும் எழுதவும் அறிந்த முதிய பெண்கள் இரு மாநில எல்லையூர்களிலும் குறைந்து வருகின்றனர். அவர்கள் ஆளும் திரி, பூண்டு, எண்ணெய், பதம், கைவீச்சு ஆகியவற்றின் பெயர்களைத் தொகுக்கும் கள ஆய்வு விரைந்து மேற்கொள்ளத்தக்கது. மங்கலதேவி மலையில் மை துறந்த ஒரு பெண்ணின் பெயரை இரு மொழியினரும் போற்றுகின்றனர். அம்மலையின் இருபுறத்தும் மை எழுதிய எண்ணற்ற பெண்களின் கைத்திறனுக்கும் ஆய்வுலகில் ஓர் ஏடு உரியதாகும்.